ஒட்டுப்போட்ட சர்வர்

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் பக்கமாக ஏதாவது ஒரு ஹோட்டலில் காலை டிபனுக்கு நுழைந்து பாருங்கள். உட்கார்ந்த மறுநிமிஷம் எதிரே ஒருவர் வந்து நிற்பார். ‘என்ன சார் சாப்பிடறீங்க?’ நீங்கள் சொல்வீர்கள். அவர் உள்ளே போவார். கேட்டது வரும். அல்லது, ‘பொங்கல் தீர்ந்துபோச்சு சார், இட்லி சூடா இருக்கு’ என்று பதிலாவது வரும்.

இவருக்கு நம் ஊரில் என்ன பெயர்? சர்வர். 1964-ல் நாகேஷ் நடித்து ‘சர்வர் சுந்தரம்’ வந்தபோது தமிழ்நாட்டில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகவே, இன்டர்நெட் விஷயத்தில் உலகத்துக்கே சிரமமான ஒரு வார்த்தை நமக்கு மட்டும் ரொம்ப சுலபம். நீங்கள் செல்போனில் ஒரு முகவரியைத் தட்டுகிறீர்கள் அல்லவா? அது ஆர்டர். எங்கோ ஓர் ஊரில் ஒரு கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் அந்த ஆர்டருக்காகவே இருபத்து நாலு மணி நேரமும் காத்துக்கொண்டிருக்கிறது. கேட்ட பக்கத்தை எடுத்து வந்து வைக்கும். இல்லையென்றால் ‘404’ என்று ஒரு நம்பர் சொல்லும். பொங்கல் தீர்ந்துபோச்சு என்பதன் கம்ப்யூட்டர் பாஷை அது.

அந்த மென்பொருளுக்குப் பெயர் வெப் சர்வர். அது ஓடுகிற மெஷினையும் சர்வர் என்றுதான் சொல்கிறார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் பேசப்போவது மென்பொருளைப் பற்றி.

எனக்கும் அதற்கும் அறிமுகமானது ஒரு 404-ல்தான்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் திருச்சியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு முப்பது ரூபாய். மோடம் கொர்ரென்று கத்தி முடித்து லைன் கிடைப்பதற்குள்ளேயே மூன்று ரூபாய் போய்விடும். அப்படிக் காசு கொடுத்து ஒரு பக்கத்தைத் தேடினால், அது இல்லை என்று வெள்ளைத் திரையில் பதில் வந்தது. அதற்குக் கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி. அப்பாச்சி 1.3, போர்ட் 80.

யார் இந்த அப்பாச்சி?

யாழ்ப்பாணத்து நண்பர்களைக் கேட்டால் அப்பாவின் அம்மா என்பார்கள். இன்றைய பையன்களைக் கேட்டால் டிவிஎஸ் பைக் என்பார்கள். சென்டர்காரர் சொன்ன பதில் வேறு. ‘அது சர்வர் சாப்ட்வேர் தம்பி. உலகத்துல பாதிக்கு மேல அதுலதான் ஓடுது.’

விலை?

‘ஓசி.’

எந்தக் கம்பெனி?

‘கம்பெனியே இல்ல.’

காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்? மூலப்பொருள் செலவு, கூலி, மேல்செலவு, லாபம் என்று போட்டால்தான் ஒரு பொருள் சந்தைக்கு வரும் என்று படித்தவன் நான். விலையும் இல்லை, முதலாளியும் இல்லை, உலகத்தில் பாதி அதில் ஓடுகிறது என்றால் எந்தப் பத்தியில் பற்று வைப்பது, எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

பதில் கிடைக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

*

1990-ன் கடைசி. ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்கிற அணு ஆராய்ச்சிக் கூடம். அங்கே டிம் பெர்னர்ஸ் லீ என்கிற ஆங்கிலேயர் ஒரு கறுப்பு நிற நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் உலகின் முதல் வெப் சர்வரை ஓடவிட்டார். யாராவது வேலை முடிந்து போகும்போது ஸ்விட்சை அணைத்துவிடப் போகிறார்களே என்று பயந்து, ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்ற அர்த்தத்தில் கையால் எழுதி ஒட்டியும் வைத்தார். அன்றைக்கு வேர்ல்டு வைட் வெப் என்பதே மொத்தம் அந்த ஒரு பெட்டிதான்.

1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் ஒரு காரியம் செய்தது. வெப் சம்பந்தப்பட்ட தன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. காப்புரிமை, ராயல்டி என்று உட்கார்ந்திருந்தால் நம் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

அதே வருஷம் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. என்கிற கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மையத்தில் ராப் மெக்கூல் என்கிற மாணவர் இன்னொரு சர்வர் எழுதினார். செர்னுடையதைவிட எளிமையானது. எல்லோரும் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சும்மா கொடுத்ததோடு இல்லை. மூலநிரலையும், அதாவது அந்த மென்பொருள் எழுதப்பட்ட வரிகளையும் கூடவே கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்போம். சாம்பார் வாங்குவது வேறு. சாம்பாரோடு செய்முறையையும் வாங்கிக்கொள்வது வேறு. கடையில் வாங்கும் சாதாரண மென்பொருள் வெறும் சாம்பார். உப்பு கம்மியென்றால் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். செய்முறை கையில் இருந்தால் நீங்களே சரிசெய்துகொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் ஆரம்பப் பாடம் இவ்வளவுதான்.

1994-ன் நடுவில் மெக்கூல் அந்த மையத்தை விட்டுக் கிளம்பி நெட்ஸ்கேப் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

சர்வர் அநாதையானது. வெப்போ அப்போதுதான் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தளங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஆள் இல்லாத அந்த மென்பொருள். ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. புகார் சொன்னால் கேட்க ஆளில்லை. என்ன செய்வார்கள்? அவரவர் ஓட்டையை அவரவர் அடைத்துக்கொண்டார்கள். அந்தச் சிறு திருத்தத்துக்கு அவர்கள் பாஷையில் பேட்ச் என்று பெயர். நம் பாஷையில் ஒட்டு. கலிபோர்னியாவில் ஒருவர் போட்ட ஒட்டு இங்கிலாந்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரே ஓட்டையை ஊருக்கு ஊர் தனித்தனியாக அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

*

காவிரிக்காரர்களுக்கு இந்த நிலைமை புதிதில்லை.

ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து நாலு ஊர் வழியாகப் போகிறது. வண்டல் சேரும், கரை உடையும், கோரை மண்டும். யார் சரி செய்வது? தன் வயலுக்கு முன்னால் மட்டும் ஒருவன் தூர் வாரினால் பயனில்லை. மேலே அடைத்துக்கொண்டிருந்தால் இவனுக்குத் தண்ணீர் வராது. இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் குடிமராமத்து. தண்ணீர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ஆள் அனுப்ப முடியாதவர் நெல்லாகவோ பணமாகவோ கொடுக்க வேண்டும். வாய்க்காலைப் பயன்படுத்துகிறவர்களே அதைப் பராமரிக்கிறார்கள்.

1995 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமாக எட்டுப் பேர் அதைத்தான் செய்தார்கள். பிரையன் பெலன்டார்ஃப், ராய் பீல்டிங், ராப் ஹார்டில், டேவிட் ராபின்சன், கிளிஃப் ஸ்கோல்னிக், ராண்டி டெர்புஷ், ராபர்ட் தாவ், ஆண்ட்ரூ வில்சன். பெலன்டார்ஃப் அப்போது ‘வயர்டு’ பத்திரிகையின் வெப்சைட்டைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர். மற்றவர்களும் அப்படித்தான். யாரும் சர்வர் விற்கிறவர்கள் இல்லை. சர்வரை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள். ‘உன் ஒட்டைக் கொடு, என் ஒட்டைத் தருகிறேன், ஒன்றாகச் சேர்த்து ஒரே சர்வராக வைத்துக்கொள்வோம்’ என்று ஈமெயிலிலேயே முடிவானது.

பெயர் வைத்தது பெலன்டார்ஃப். ஐரோப்பியர்களிடம் கடைசிவரை பணியாமல் சண்டை போட்ட அமெரிக்கப் பழங்குடிகளான அப்பாச்சிகளின் மீதான மரியாதையில் வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ‘எ பேட்ச்சி சர்வர்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட சர்வர்! இரண்டு விளக்கமும் இன்றுவரை நிலைத்துவிட்டன.

1995 ஏப்ரலில் அப்பாச்சியின் முதல் பொது வெளியீடு. நம்பர் 0.6.2. அதற்கு நாலு மாதம் கழித்து ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. நமக்குக் குழாய் வரும்போது அங்கே வாய்க்காலில் தூர் வாரி முடித்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒட்டு மேல் ஒட்டாக எத்தனை நாள் போகும்? ராபர்ட் தாவ் உட்கார்ந்து அடித்தளத்தையே புதிதாக வடிவமைத்தார். வேண்டிய வசதிகளைத் தனித்தனி மாட்யூல்களாகச் சேர்க்கலாம், கழற்றலாம். 1995 டிசம்பர் 1-ஆம் தேதி அப்பாச்சி 1.0 வந்தது. குழு சேர்ந்து ஒன்றேகால் வருஷம்கூட ஆகாத நிலையில், எந்தச் சர்வரில் ஆரம்பித்தார்களோ அந்த என்.சி.எஸ்.ஏ. சர்வரையே தாண்டி உலகில் முதலிடம்.

சண்டை வராதா? வரும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு திருத்தம் வேண்டும் என்கிறவர் ‘+1’ என்று எழுதுவார். கூடாது என்கிறவர் ‘-1’. நிரலைப் பொறுத்தவரை ஒரே ஒரு ‘-1’ விழுந்தாலும் அந்தத் திருத்தம் நின்றுவிடும். ஆனால் சும்மா போட முடியாது. ஏன் கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு முன்பே சொல்லவில்லை என்கிற வீம்பெல்லாம் செல்லாது. நம்மூர் சங்கங்களின் செயற்குழுக் கூட்டங்களில் இதை அமல்படுத்தினால் எப்படியிருக்கும் என்று சும்மா கற்பனை செய்து பார்த்தேன். வேண்டாம், விட்டுவிடுவோம்.

*

1998. ஐபிஎம் வருகிறது.

கம்ப்யூட்டர் உலகின் ஜமீன்தார். அவர்களிடமும் சொந்தமாக ஒரு வெப் சர்வர் இருந்தது. விலைபோகவில்லை. ஓசியில் கிடைக்கும் அப்பாச்சியை வாடிக்கையாளர்கள் விடுவதாயில்லை. சரி, போட்டியில் ஜெயிக்க முடியாத ஆளைக் கூட்டாளியாக்கிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். தங்கள் வெப்ஸ்பியர் என்கிற விற்பனைச் சரக்குக்குள் அப்பாச்சியையே வைத்துக் கொடுக்கலாம்.

வக்கீல்கள் கேட்ட முதல் கேள்வி, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

யாரும் இல்லை. அது கம்பெனி இல்லை. டிரஸ்ட் இல்லை. பதிவு செய்யப்பட்ட சங்கம்கூட இல்லை. ஒரு வெப்சைட்டும் சில ஈமெயில் முகவரிகளும். சரி, பணம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், பணம் பிரச்னையே இல்லை, உங்கள் என்ஜினீயர்களில் நல்லவர்களாகப் பார்த்து அனுப்புங்கள், எங்களோடு வேலை செய்யட்டும் என்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு! ஜமீன்தார் வீட்டிலிருந்தும்தான். அந்த ஆளின் திருத்தமும் மற்றவர்களுடையதைப் போலத் தரம் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளப்படும். ஐபிஎம் ஒப்புக்கொண்டது. 1998 ஜூனில் அறிவிப்பு வந்தது.

இந்த விவகாரத்தில் அப்பாச்சிக்காரர்களுக்கும் ஒன்று புரிந்தது. நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் எட்டுப் பேரும் வீட்டை விற்க வேண்டியிருக்கும். 1999 ஜூனில் லாப நோக்கில்லாத அப்பாச்சி சாப்ட்வேர் பவுண்டேஷன் பதிவானது.

இவர்கள் கொடுத்த லைசென்ஸையும் ஒரு காமர்ஸ்காரன் கண்ணால் பார்த்துவிடுவோம். எடுத்துக்கொள். மாற்று. விற்றுக்கூடச் சம்பாதி. உன் மாற்றத்தை வெளியே காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் காப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸையும் மட்டும் அழித்துவிடாதே. ஏதாவது நஷ்டமானால் எங்களைக் கேட்காதே. அவ்வளவுதான். லினக்ஸுக்கு இருக்கும் ஜி.பி.எல். லைசென்ஸ் இதைவிடக் கண்டிப்பானது. மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் மாற்றத்தையும் சேர்த்துக் கொடு என்று கேட்கும். அப்பாச்சி அதைக்கூடக் கேட்கவில்லை.

முட்டாள்தனம் இல்லையா? திறந்து போட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே?

எடுத்துக்கொண்டு போவார்கள்தான். ஆனால் திறந்து கிடப்பதால் நடக்கும் இன்னொன்றைப் பார்க்க நீங்கள் கல்லணைக்கு வர வேண்டும்.

*

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துவிட்டு, கல்லணையில் மறுபடி கிட்டே வருகிறது. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை ஏறத்தாழ 1,080 அடி நீளம். 1830-களில் ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேய ராணுவ என்ஜினீயருக்கு ஒரு தலைவலி. தண்ணீரெல்லாம் தாழ்வான கொள்ளிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, காவிரி மண்மேடாகிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்தின் தலையில் அணை கட்ட வேண்டும். ஆனால் தோண்டத் தோண்ட மணல். மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது?

பதில் கல்லணையில் திறந்து கிடந்தது. பெரிய கற்களை மணலில் போடு. அமிழும். அதன் மேல் இன்னும் போடு. அமிழ்ந்து அமிழ்ந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதன் மேல் கட்டு. காட்டன் பார்த்தார், படித்தார், 1836 வாக்கில் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பிறகு அதே பாடத்தோடு கோதாவரிக்குப் போய், 1852-ல் தவளேஸ்வரம் அணையை முடித்தார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

கல்லணையின் செய்முறை பூட்டி வைக்கப்படவில்லை. ஆகவே கோதாவரிக்கும் தண்ணீர் கிடைத்தது. அப்பாச்சியின் செய்முறை பூட்டி வைக்கப்படவில்லை. ஆகவே 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா ஆரம்பமானபோது ஒரு தமிழரும் சர்வர் லைசென்ஸுக்காகப் பணம் தேட வேண்டியிருக்கவில்லை. விக்கிப்பீடியாவின் வயிற்றுக்குள் பக்கங்களைப் பரிமாறிக்கொண்டிருந்தது அப்பாச்சிதான். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி. இந்த நாலையும் ஓசியில் இறக்கிக்கொண்டுதான் அன்றைக்கு உலகம் பூராவும் சின்னப் பையன்கள் வெப்சைட் கடை திறந்தார்கள். 2005 வாக்கில் உலகின் வெப்சைட்டுகளில் ஏறத்தாழ 70 சதவிகிதம் அப்பாச்சி.

தமிழ்நாடும் சும்மா இல்லை. சென்னையில் லினக்ஸ் பயனாளர்கள் 1998-லேயே குழு சேர்ந்துவிட்டார்கள். 2005-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையம் ஒன்று வந்தது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. 2012-லிருந்து ‘கணியம்’ இதழ் இவற்றையெல்லாம் தமிழில் எழுதி இலவசமாகவே கொடுக்கிறது.

*

போன மாதம் அக்கா மகனோடு முக்கொம்பு போயிருந்தேன். திருச்சியில் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். அப்பாச்சி கதையை ஆரம்பித்தேன்.

‘அதெல்லாம் பழசு மாமா. இப்ப எல்லாரும் என்ஜின்எக்ஸ்.’

வாஸ்தவம். இகோர் சிசோயெவ் என்கிற ரஷ்யர் 2004-ல் வெளியிட்ட சர்வர் அது. பழைய அப்பாச்சியில் டேபிளுக்கு ஒரு சர்வர். நீங்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்தால் பத்தாயிரம் சர்வருக்கு எங்கே போவது? என்ஜின்எக்ஸில் ஒருவரே கூடம் முழுக்கச் சுற்றி வருவார். யாருக்கு எது தயாரோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். அப்பாச்சியும் பிறகு அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. ஆனாலும் 2019-ல் எண்ணிக்கையில் என்ஜின்எக்ஸ் முந்திவிட்டது. அதே வருஷம் அதன் கம்பெனியை எஃப்5 என்கிற அமெரிக்க நிறுவனம் 67 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த டிசம்பரிலேயே, எங்களிடம் சம்பளம் வாங்கியபோது எழுதியது, ஆகவே எங்கள் சொத்து என்று சிசோயெவின் பழைய கம்பெனி சார்பில் புகார் கிளம்பி, மாஸ்கோ ஆபீஸில் போலீஸ் சோதனை. ஓசிச் சரக்குக்குக் கூடப் பங்காளிச் சண்டை உண்டு!

பையன் இதை ரசித்துக் கேட்டான். பிறகு, ‘அப்ப சர்வர் எழுதறவங்களுக்கு யார் மாமா சம்பளம் தர்றாங்க?’ என்றான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நான் பிரவுசிங் சென்டரில் கேட்ட அதே கேள்வி. நாங்கள் நின்றுகொண்டிருந்த இடமே பதில் சொல்லும் இடம்.

2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, வெள்ளம் புரண்டு வந்தபோது, காட்டன் காலத்து முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஏறத்தாழ 180 வருஷம் தாங்கிய அணை. தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்கிறது, ஆகவே நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்திலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

மென்பொருளிலும் இப்படி ராத்திரிகள் உண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்எஸ்எல் என்கிற மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்கிற ஓட்டை வெளியே வந்தது. பேங்க் பாஸ்வேர்டை வழியில் யாரும் பார்த்துவிடாமல் பூட்டி அனுப்பும் வேலை அதனுடையது. உலகமே நம்பியிருந்த அந்தப் பூட்டுக்கு வருஷத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆள்.

2021 டிசம்பரில் அப்பாச்சி பவுண்டேஷனின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. லாக்4ஜே. சின்ன மென்பொருள்தான். பி.காம். பாஷையில் சொன்னால் டே புக். என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் மென்பொருளுக்குள் அதைச் சொருகி வைத்திருந்தன, பலருக்கு உள்ளே இருப்பதே தெரியாது. அந்த டே புக்கில் ஒரு குறிப்பிட்ட வரியை எழுத வைத்தால் போதும், வெளியாள் உள்ளே புகுந்துவிடலாம் என்று தெரிந்தது. ஆபத்துக்கு மார்க் போடும் முறையில் அதற்குக் கிடைத்தது 10-க்கு 10. உலகமே அலறியபோது உட்கார்ந்து அடைத்தவர்கள் யார் தெரியுமா? பகலில் வேறு ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் அதைக் கவனித்துவந்த விரல்விட்டு எண்ணக்கூடிய தொண்டர்கள். தூக்கமில்லாமல் வேலை செய்த அவர்களுக்கு முதலில் கிடைத்தது நன்றி இல்லை, திட்டு.

குடிமராமத்துக்கும் இதேதான் நடந்தது. வாய்க்கால் பெரிதாகிறது, பாசனம் பெறுகிறவர்கள் கூடுகிறார்கள், மண்வெட்டியோடு வருகிறவர்கள் குறைகிறார்கள். சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று ஊர் நினைத்தது. வராதவர்களை வரவழைக்க வெள்ளைக்காரன் 1858-ல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டான். சட்டம் போட்டு வரவழைத்தால் அது குடிமராமத்தா என்ன? வழக்கம் தேய்ந்துபோனது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

என் பழைய கணக்குப் புதிருக்கு விடை இதுதான். அப்பாச்சிக்கு விலை இல்லை என்பது உண்மை. செலவு இல்லை என்பது பொய். யாரோ செலவழித்த ராத்திரி நேரம் எந்தக் கம்பெனியின் ஐந்தொகையிலும் ஏறாததால் நமக்கு அது ஓசியாகத் தெரிகிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அப்பாச்சி சர்வரின் விளக்கப் பக்கங்கள் பிரெஞ்சில் உண்டு, ஜப்பானியத்தில் உண்டு, கொரிய மொழியில் உண்டு, துருக்கியில்கூட உண்டு. அந்த ஊர்ப் பையன்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஊருக்கு ஊர் என்ஜினீயரிங் காலேஜ் இருக்கும் மாநிலம் இது.

திரும்பி வரும் வழியில் ஸ்ரீரங்கத்தில் இறங்கி டிபன் சாப்பிட்டோம். பையன் அதிகம் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தான். விளக்கப் பக்கம் ஒன்றில் ஓர் எழுத்துப்பிழையைப் பார்த்துத் திருத்தி அனுப்பியிருக்கிறான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர், ‘நன்றி, சேர்த்துவிட்டேன்’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்.

‘ஒரே ஒரு எழுத்துதான் மாமா’ என்றான் கொஞ்சம் வெட்கத்தோடு.

ஒரு கூடை மண்தான். பரவாயில்லை, கரையில் போட்டாயிற்று. ‘அடுத்த வாரம் தமிழ்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சுப் பாரேன்’ என்றேன். மாட்யூலுக்குத் தமிழில் என்ன என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றினால், மண்வெட்டியோடு வரலாம்.